மகளுக்கு இருபத்தொன்று ஆகுமுன்

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். சாதாரணதரப் பரீட்சையில் கணக்கில் தவறி, அதோடு புத்தகத்தை மூடியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற ஒரே தைரியத்தில் தொடங்குகிறேன்.

எனக்கு ஊர் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மகளின் தகப்பன் எங்களை விட்டுப் போன பிறகு, ஐந்து வயதுப் பிள்ளையை என் அக்காவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் பஹ்ரைன் வந்தேன். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் வந்தேன். ஒரே வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்த வீட்டில் நான் முதலில் கற்ற ஆங்கிலம் ‘யெஸ் மேடம்’. சொன்னது காதில் விழுந்தது என்பதற்கும் அதுதான், செய்கிறேன் என்பதற்கும் அதுதான், ஒன்றுமே புரியவில்லை என்றாலும் அதுதான். ‘நோ’ என்றால் வேலை செய்ய மாட்டேன் என்று எதிர்த்து நிற்பதாக ஆகிவிடும். எனக்கு முன்பு அங்கே வேலைக்கு இருந்த பிள்ளை அப்படி ஒருநாள் சொல்லிவிட்டு, மறுவாரமே ஏஜென்சிக்குத் திரும்பிப் போனாளாம். நான் வந்த அன்றே வீட்டு டிரைவர் எனக்குச் சொல்லி வைத்தார். பயந்தவள்தானே நான், நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு பஹ்ரைனிலேயே ஜுஃபேர் என்ற இடத்தில் ஒரு தையல்கடைக்கு விசா மாற்றிக்கொண்டு வந்தேன். பக்கத்திலேயே அமெரிக்கக் கடற்படைத் தளம். அங்கிருந்து சட்டைகளைக் கொண்டுவருவார்கள். பெயர்ப்பட்டி, பதவிப்பட்டி தைத்துக் கொடுக்க வேண்டும். அப்படி வந்த ஓர் அமெரிக்கர்தான் என் கணவர். தலை நரைக்கத் தொடங்கியவர், மனைவி விட்டுப் போனவர், என்னைப் போலவே அதிகம் பேசாதவர். தைக்க ஒன்றுமில்லாத நாளிலும் ஒரு சட்டையோடு வந்து நிற்பார். எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

அவர் கல்யாணம் கேட்டபோது மகளுக்குப் பதினேழு முடிந்திருந்தது. ஃபோனில் மெதுவாகச் சொன்னேன். “நல்ல மனுசன்னா கட்டிக்கிங்கம்மா. ஆனா என் பரீட்சை முடியட்டும். ஸ்கூல்ல புள்ளைங்க கேலி பண்ணுவாளுக” என்றாள். நியாயம்தானே என்று காத்திருந்தோம். உயர்தரப் பரீட்சை முடிந்து, அவளுக்குப் பதினெட்டு தாண்டிய பிறகு கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம்தான் தெரிந்தது: பதினெட்டுக்குள் கட்டியிருந்தால், மனைவியின் பிள்ளை என்று அவரே அவளை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டிருக்கலாம். சில வார வித்தியாசத்தில் போய்விட்டது. மகளிடம் இந்த விஷயத்தை நான் இன்றுவரை சொல்லவில்லை.

இன்னொரு வழி இருந்தது. நானே அமெரிக்கப் பிரஜையாகிவிட்டால், அதுவும் மகளுக்கு இருபத்தொன்று ஆகுமுன் ஆகிவிட்டால், வரிசையில்லாமல் அவளை அழைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் தாண்டினாலும் வளர்ந்த பிள்ளைகளின் வரிசை. அதில் வருடக்கணக்காக நிற்க வேண்டும். எனக்குக் கிரீன் கார்டு கிடைத்து, கொஞ்ச நாள் அமெரிக்காவில் அவருடைய அம்மாவின் வீட்டில் இருந்தோம். அங்கிருந்தே மகளுக்கும் ஒரு மனு போட்டு வைத்தோம். அவருக்கு மறுபடியும் பஹ்ரைனுக்கே மாற்றல் வந்தது. வெளிநாட்டில் டியூட்டி பார்க்கிறவர்களின் மனைவிமார் அந்த இடத்திலிருந்தே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வந்து இறங்கிய வாரமே அவர் விண்ணப்பம் போட்டார்.

பிரஜாவுரிமை என்ற சொல் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் அரிசி, மா போலப் புழங்கிய சொல். என் அப்பா இலங்கையில் பிறந்தவர். ஆனாலும் இந்திய வம்சாவளி என்பதால் நாற்பது வயதுக்குக் கிட்டப் போகும்வரை அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். கிடைத்த பிறகு முதல்முறை வோட்டுப் போடப் போனபோது கல்யாணத்துக்குப் போவதுபோல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னால் பிரஜாவுரிமை தருவார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. கேள்விகள் மகா கடினமாக இருக்கும் என்று பயந்தேன்.

அதனால் நேர்முகத்தில் கேட்கும் அமெரிக்கச் சரித்திரக் கேள்விகளை உருப்போட்டேன். சோறு கொதிக்கும்போதும் சட்டைக்குப் பட்டன் தைக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருப்பேன். தெருமுனையில் கோல்ட் ஸ்டோர் என்கிற மளிகைக் கடையில் புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர். பால் வாங்கப் போனால் பிடித்துக்கொள்வார்.

“என்னக்கா, ஜனாதிபதி பேரெல்லாம் மனப்பாடம் ஆயிருச்சா?”

“பாதி ஆயிருச்சு தம்பி.”

“எங்க ஊரு எம்.எல்.ஏ. யாருன்னே எனக்குத் தெரியாது. நீங்க பெரிய ஆளுதான். பாஸாயிட்டா கடைக்குள்ள இறங்கி வருவீங்களா, இல்ல அரபி மாதிரி கார்ல இருந்தே ஹாரன் அடிப்பீங்களா?”

“ஹாரன்தான் அடிப்பேன். ஓடி வரணும்.”

“வந்துட்டாப் போச்சு. டிப்ஸ் டாலர்ல குடுத்துருங்க.”

வீட்டில் என் கணவர் பரீட்சை வைப்பார். எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவேன். விண்ணப்பத்தின் கடைசியில் நீளமாக ஒரு பகுதி இருந்தது. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, பொய் சொன்னீர்களா, ஏதாவது இயக்கத்தில் இருந்தீர்களா என்று போகும். “இதற்கெல்லாம் பதில் ‘நோ’தான், படிக்க ஒன்றுமில்லை” என்று சொல்லி அவர் அதை மூடி வைத்துவிட்டார். நானும் ‘யெஸ்’ என்றேன்.

அவர் என் ‘யெஸ்’ஸுக்குப் பழகியவர். கல்யாணமான புதிதில் டீயா காப்பியா என்று கேட்டதற்கு ‘யெஸ்’ என்றேன். சிரித்துவிட்டு இரண்டையும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தே எந்த ‘யெஸ்’ நிஜம், எது வேண்டாம், எது விளங்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். ஒருநாளும் திருத்தியதில்லை. எனக்கு அது சுகமாக இருந்தது. உலகத்தில் ஒருவருக்காவது நான் சொல்லாமலே புரிகிறதே என்று இருந்தது.

நேர்முகத்துக்கான அதிகாரி வேறு நாட்டிலிருந்து முறை வைத்து வருகிறவர். மகளின் பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருந்தது. நேர்முகத்துக்கு முதல் நாள் மகள் வீடியோவில் வந்தாள். கட்டிலில் ஒரு புதுப் பெட்டி திறந்து கிடந்தது.

“இப்பவே என்னாடி பெட்டி?”

“சும்மாதான் வாங்கினேன். நீங்க பாஸாகி வாங்க, நான் அடுக்க ஆரம்பிக்கிறேன். அம்மா, நம்ம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா சண்டை வருமா?”

“வரும்.”

“அப்ப சரி. ஃபோன்ல சண்டை போட்டு அலுத்துப் போச்சு.”

அதிகாரி வயதானவர், நல்லவர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். சரித்திரக் கேள்வியில் முதல் ஆறும் சரி. போதும் என்று நிறுத்திவிட்டார். ஒரு வரி வாசித்தேன், ஒரு வரி எழுதினேன். முடிந்தது என்றே நினைத்தேன். மடியில் கட்டியிருந்த கையைத் தளர்த்திக்கொண்டேன். அப்போது அவர் விண்ணப்பத்தைப் புரட்டி, அந்தக் கடைசிப் பகுதியை ஒரே மூச்சில் வாசிக்கத் தொடங்கினார். குரல் மாறாமல், தலை நிமிராமல். பழைய வீட்டில் மேடம் காலையில் அன்றைய வேலைகளைச் சொல்வதும் அப்படித்தான் இருக்கும்.

எப்போதாவது அரசாங்க அதிகாரியிடம் பொய் சொன்னதுண்டா?

“யெஸ், சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?

“யெஸ், சார்.”

“எதற்காக?”

“யெஸ், சார்.”

பேனாவை மேசையில் வைத்தார். கேள்வி புரிகிறதா என்று மெதுவாகக் கேட்டார். அதற்கும் ‘யெஸ், சார்’ என்றேன். அப்படியானால் கைது என்றால் என்ன, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரியும். ஆனால் ஏதோ தப்பு நடந்துவிட்டது, மேடம் கோபமாக இருக்கிறார் என்ற அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கேள்விகளை ஆங்கிலத்தில் விளங்கிக்கொள்ளவில்லை என்று முடிவாகியது. இன்னொரு வாய்ப்பு உண்டு; அவர் அடுத்தமுறை வரும்போது. என் கணவர் உள்ளே போய் மகளின் விஷயத்தைச் சொல்லி, பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு தேதி கேட்டார். குறித்துக்கொண்டார்களாம். ஆனால் அதிகாரியின் அடுத்த வருகை மகளின் பிறந்தநாளுக்குப் பின்னால்தான் இருந்தது.

காரில் ஏறி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் சாவியைப் போடவில்லை. “உன் யெஸ்ஸில் எது நோ என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்” என்றார்.

நான் ‘யெஸ்’ என்றேன். வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

மகள் அழவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டாள்.

“கைதானீங்களான்னு கேட்டதுக்கு யெஸ்னீங்களா?”

“ஆமாடி.”

“என்கிட்ட மட்டும் நோ நல்லா வருது உங்களுக்கு. டிரிப் போகக் கூடாது, பிரெண்டு வீட்ல தங்கக் கூடாது. பஹ்ரைன்ல இருந்துகிட்டு எத்தனை நோ சொல்லியிருக்கீங்க.”

கேலியாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் கேலியாக இல்லை. “சரிம்மா, வைக்கிறேன். பெரியம்மா கூப்பிடுது” என்றாள். பெரியம்மா கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதன்பிறகு ‘நோ’ சொல்லப் பழகினேன். வீட்டில் கணவர் அந்தப் பகுதியைத் தினமும் வாசிப்பார். கோல்ட் ஸ்டோர் தம்பியும் விஷயம் கேள்விப்பட்டுச் சேர்ந்துகொண்டார்.

“பால் வேணுமா அக்கா?”

“நோ.”

“குப்பூஸ் ரொட்டி?”

“நோ.”

“முட்டை?”

“நோ.”

“அப்ப கடைக்கு எதுக்கு வந்தீங்க? யல்லா, கிளம்புங்க.”

சிரித்துவிட்டுப் பாலும் முட்டையும் வாங்கி வருவேன். அந்தக் கடையில் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது.

பிறந்தநாளன்று காலையில் மகளைக் கூப்பிட்டு வாழ்த்தினேன். அக்கா கேக் வெட்ட வைத்திருந்தாள். பின்னால் அலமாரியின் மேல் அந்தப் பெட்டி தெரிந்தது. மகள் நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். இருபத்தொன்று ஆகிவிட்டது என்று இருவருமே சொல்லவில்லை. என்ன சமைத்தார்கள் என்று கேட்டேன். சொன்னாள்.

அதிகாரி மறுபடி வந்தார். என்னை ஞாபகம் வைத்திருந்தார். அதே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் “நோ, சார்” என்றேன். கைது என்றால் என்ன என்றார். போலீஸ் பிடித்துக்கொண்டு போவது என்றேன். புன்னகைத்தார். கடைசியில் வந்த கேள்விக்கு மட்டும் ‘யெஸ்’ சொல்ல வேண்டும்: இந்த நாட்டுக்கு உறுதிமொழி எடுக்கச் சம்மதமா?

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருக்காக இந்தச் சொல்லைத் தேடி வந்தேனோ, அவளுக்கு அது உதவாமல் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொல்லி எழுந்து வந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் பிரஜையாகிவிட்டால் அந்த நீண்ட வரிசையில் அவளுக்கு ஓர் இடமாவது நிலைக்கும் என்று கணவர் சொல்லியிருந்தார். அதிகாரி காத்திருந்தார். “யெஸ், சார்” என்றேன். என் வாழ்நாளில் அர்த்தம் முழுவதும் தெரிந்து சொன்ன ‘யெஸ்’ அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதில் சந்தோஷம் இருக்கவில்லை.

அன்றைக்கே உறுதிமொழி. கணவர் வெள்ளை யூனிஃபார்மில் நின்று படம் எடுத்தார். கையில் சின்னக் கொடி ஒன்று கொடுத்தார்கள். மகளுக்குப் படத்தை அனுப்பினேன். “அழகா இருக்கீங்கம்மா. சேலை புதுசா?” என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் மகள் கொழும்புக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. என் கணவர் டியூட்டிக்குப் போகுமுன், அவளுடைய மனுவை வளர்ந்த பிள்ளைகளின் வரிசைக்கு மாற்றக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்.