சால்வை தெரியாத ஏலம்

ஒட்டுசுட்டானில் இருந்து முத்தையன்கட்டுக்குப் போகிற வீதியில் நின்று "கிருபன் வீடு எது?" என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். "நாயாறு வீடு" என்று கேட்டால் பால்குடி மறக்காத பிள்ளையும் கை நீட்டும். நாயாறு கடற்கரைப் பக்கத்து ஊர். அந்த ஊருக்கும் கிருபனுக்கும் கொண்டான் கொடுத்தான் என்று ஒன்றும் கிடையாது. தகப்பன் ஏரம்பர் வடமராட்சி ஆள், குளத்துக் காணி கிடைத்து வந்தவர். தாய்வழி முள்ளியவளை. பெண் எடுத்தது வவுனியாவில். மூன்று தலைமுறைக்குக் கிண்டினாலும் நாயாற்றில் ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பன்கூட அகப்படமாட்டான். பெயர் வந்த வழி வேறு.

சில வருசங்களுக்கு முன், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற கூட்டம் வடக்கில் இருந்து இறங்கி வந்தபோது கிருபனும் காவி வேட்டியைக் கட்டிக்கொண்டு சேர்ந்தான். ஏரம்பர் காலில் தெம்பு இருக்குமட்டும் ஆண்டு தவறாமல் நடந்த மனிசன். மகன் நடக்காவிட்டால் ஊர் கதைக்கும். சந்தி வரைக்கும் ஊரே வந்து வழியனுப்பியது. கொடியேறித் தீர்த்தம் முடிந்து திருநீற்றோடு வருவான் என்று பார்த்தால், கூட்டம் திருகோணமலையைக் காணமுதலே முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கினான். காலில் கொப்பளம் என்றான். கொப்பளத்தை ஒருவரும் காணவில்லை. பைக்குள் இருந்த பாரை மீனின் வாலை எல்லாரும் கண்டார்கள். நாயாற்று மீன்பிடி வாடியொன்றில் மீன் குழம்பு கொதித்த மணத்தோடு அவனுடைய பக்தி அங்கேயே சப்பாணி கட்டி இருந்துவிட்டது என்று கூட நடந்தவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள்.

அன்றைக்கு ஒட்டிய பெயர். கமக்காரர் சங்கத்திலும் அதுதான், செத்தவீட்டிலும் அதுதான். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பட்டுச் சால்வையோடு நின்றவனைப் பார்த்து, மந்திரத்தை நிறுத்திவிட்டு ஐயரே "நாயாறு, அந்தத் தேங்காயை எடும்" என்றார்.

இந்தப் பெயரை அழிக்க ஒரே வழிதான் இருந்தது. கதிர்காமம் போய்வர வேண்டும். நடக்க இனி ஏலாது. பஸ்ஸில் போனால் ஒருவரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், பஸ்ஸில் பல்லுப்போன கிழவிகளும் போகிறார்கள். நடந்துபோனவனும் வாயைப் பிளந்து பார்க்கிற மாதிரிப் போகவேண்டும். இந்த நினைப்போடு போனைத் தடவிக்கொண்டு கிடந்தவனுடைய கண்ணில்தான் அந்த மோட்டார் சைக்கிள் பட்டது.

கொழும்பில் ஒரு லீசிங் கொம்பனி, தவணை கட்டாத ஆட்களிடம் இழுத்துவந்த வாகனங்களைப் போனிலேயே ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. அதில் இது நின்றது. நாடு சுற்றுவதற்கென்றே செய்த பெரிய வண்டி. நெஞ்சுக்கு முன்னால் காற்றை மறிக்கிற கண்ணாடி. பின்சில்லுக்குப் பக்கத்தில் அலுமாரி மாதிரி ஒரு அலுமினியப் பெட்டி. கீழே, ஓடிய தூரம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர் என்று போட்டிருந்தது.

மனிசி மேனுகா அதைத்தான் முதலில் வாசித்தாள்.

"என்னப்பா, இது உலகத்தைச் சுத்திக் களைச்சுப்போய் வந்து நிக்குது. இதை ஏன் இன்னும் கலைக்கிறியள்?"

"ஓடின வண்டிக்குத்தான் வழி தெரியும்."

"அது சரி. உங்களுக்குத் தெரிஞ்ச வழி நாயாறு மட்டும்தானே. மிச்சத்தை அது சொல்லித் தரட்டும்."

ஆனாலும் அவள் ஒரேயடியாக மறிக்கவில்லை. நாயாறு பெண்சாதி என்று கூப்பிடப்படுவது அவளுக்கும் இனிக்கவில்லை. சிறுபோக நெல் விற்று ஒதுக்கிய காசுக்குள் கேட்கச் சொன்னாள். அதற்கு மேலே ஒரு சதம் போகக்கூடாது.

"மேலை போனியளெண்டால் விக்கிறதுக்கு லாண்ட்மாஸ்டரைத் தவிர ஒண்டுமில்லை. அதைத் தொட்டால் காலபோகத்துக்கு நகத்தாலைதான் உழ வேணும், சொல்லிப்போட்டன்."

லாண்ட்மாஸ்டர் என்பது அந்த வீட்டின் கை உழவு மெசின். வயல், விறகு, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் அதன் பெட்டியில் ஏறித்தான். மெசின் இருந்தால் கிருபன் கமக்காரன். இல்லாவிட்டால் வரம்பில் நின்று மழை பார்க்கிறவன்.

கிருபன் ஓம் என்றான். ஓம் என்றுவிட்டு அவன் செய்த முதல் வேலை, சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிற வைபர் குழுவில் வண்டியின் படத்தைப் போட்டு, "வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏலம். நான் கேக்கிறன்" என்று எழுதியது. ஏன் எழுதினான் என்று விளங்கவேண்டுமானால் அந்த ஊர்ப் பிள்ளையார் கோயில் ஏலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பொங்கலன்று படைத்த பலாப்பழத்தையும் பூசணிக்காயையும் பூசை முடிய அங்கே ஏலம் கூறுவார்கள். சந்தையில் மாடும் மணந்து பார்க்காத பூசணிக்காய் அங்கே கன்றுக்குட்டி விலைக்குப் போகும். இன்ன சாமானை இன்னார் எடுக்கப்போகிறார் என்று முதலே ஊருக்குத் தெரியும். எடுக்கப்போகிறவரின் மச்சான்மார் சுற்றி நின்று விலையை ஏற்றுவார்கள். ஏற்றாவிட்டால் அந்த மனிசனுக்குச் சபையில் ஆளில்லை என்று பொருள். மலிவாகப் பூசணிக்காய் எடுத்தவன் அதைத் தோளில் வைத்து வீதியால் போகமாட்டான், பின்வழியால்தான் போவான். அதற்கும் ஒரு எல்லை உண்டு. எடுக்கிறவருக்கு இனிக் கட்டாது என்றால் தோளில் கிடக்கிற சால்வையை எடுத்து இடுப்பில் கட்டுவார். கண்டவுடன் மச்சான்மார் வாயை மூடுவார்கள். பூசாரியார் மணியை அடித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிருபன் முகம் கழுவி, திருநீறு பூசி, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தான். போனில் ஆட்களின் பெயர் தெரியாது, நம்பர் மட்டும்தான். ஆறேழு நம்பர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் கழன்று ஒன்றே ஒன்று நின்றது. கிருபன் ஏற்ற அது ஏற்றியது. இவன் தட்டிக் கை எடுக்கமுதல் அது தட்டியது.

"கொழும்பான்," என்றான் கிருபன். "காசுத் திமிர்."

"நான் சொன்ன காசுக் கோடு கிட்ட வந்திட்டுது," என்றாள் மேனுகா.

"அவன் இப்ப விட்டிடுவான்."

அவன் விடவில்லை. கோடு வந்தது, கோடு போனது. நேரம் முடிகிற தறுவாயில் யாராவது ஏற்றினால் ஏலம் இன்னும் கொஞ்சம் நீளுமாம். அது குரங்கு வால் மாதிரி நீண்டுகொண்டே போனது. கிருபனுக்கு வேர்த்தது. தன்னை அறியாமலே தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினான். போன் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த நம்பர் இன்னொரு தரம் ஏற்றியது.

"விடுங்கோ," என்றாள் மேனுகா.

"ஒரு கொழும்பானுக்கு விட்டுக்குடுக்கச் சொல்லுறியோ?"

கடைசித் தட்டு கிருபனுடையது. மற்ற நம்பர் திடீரென்று அடங்கிப்போனது. திரையில் பச்சை நிறத்தில் வாழ்த்து வந்தது. மேனுகா எழும்பிக் குசினிக்குள் போனாள். அன்றிரவுச் சோற்றில் உப்பில்லை. கிருபன் தானே எழும்பிப் போய் உப்பை எடுத்தான்.

அடுத்த கிழமை லாண்ட்மாஸ்டர் போனது. வாங்கியவர் பக்கத்துக் குடியேற்றத்துப் பழனியாண்டி, வாடகைக்கு உழுது சீவிக்கிறவர். மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மெசின் நல்லாத்தான் இருக்கு. எதுக்குண்ணே விக்கிறீங்க?" என்று கேட்டார்.

"கதிர்காமம் போக."

பழனியாண்டி கொஞ்ச நேரம் கிருபனுடைய காலைப் பார்த்தார்.

மோட்டார் சைக்கிள் லொறியில் வந்து இறங்கியது. படத்தில் தெரிந்த பக்கம் பெட்டி இருந்தது. படத்தில் தெரியாத பக்கம் பெட்டி இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று பெண் பார்க்கப்போன ஆள் மாதிரி நம்பியிருந்தான். உயரம் வேறு. ஏறினால் கால் பெருவிரல் மட்டும் நிலத்தைத் தொட்டது. படலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் புரட்டிவைத்து அதில் நின்று ஏறினான். கிளப்பியவுடன் எழுந்த உறுமலுக்கு, வயல் காவல் கொட்டிலில் இருந்தவர்கள் யானை என்று நினைத்து வெடி கொளுத்திப் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேனுகாவின் தம்பி பிரசாந்தன் வவுனியாவில் இருந்து வந்தான். அங்கே போன் கடை வைத்திருக்கிறவன். கையில் மாலை. மாலையை வண்டியின் கண்ணாடியில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"எப்பிடி அத்தான்? சும்மா ஒரு விலைக்கு விழ விடேல்லையே உங்களை?"

கிருபனுக்கு விளங்கவில்லை.

"நீங்கள் குழுவிலை போட்டியளெல்லோ. ஒருத்தரும் கூட நிண்டு கேக்காமல் விட்டால் மரியாதையே? நான் முற்பணம் கட்டிப் பதிஞ்சு கடைசி மட்டும் நிண்டனான்."

மேனுகா குசினி வாசலுக்கு வந்தாள்.

"அந்த நம்பர் நீயோடா?"

"பின்னை ஆர் அக்கா? போன வருசம் பொங்கலுக்குப் பலாப்பழத்தை என்ரை தலையிலை எவ்வளவுக்கு ஏத்திவிட்டவர் அத்தான். சொந்தக்காரர் செய்த மரியாதையை மறக்கலாமோ?"

"கோயிலிலை சால்வை கட்டினால் நிப்பாட்டுவியள்தானே," என்றான் கிருபன். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "நானும் கட்டினனான்."

"போனிலை சால்வை எங்கை அத்தான் தெரியுது?"

"அப்ப என்னெண்டு நிப்பாட்டினனி?"

"கடைக்கு ஆள் வந்திட்டுது."

ஏச ஒரு வழியும் இல்லை. ஏசினால் பலாப்பழத்துக்கும் சேர்த்து ஏசவேண்டிவரும். கிருபன் மச்சானுக்குக் கோழி அடித்துச் சோறு போட்டான். பிரசாந்தன் கல்லில் ஏறி, வண்டியில் இருந்து, படம் எடுத்துக்கொண்டு போனான். போகும்போது மற்றப் பெட்டி எங்கே என்றும் கேட்டான்.

இனிப் போயே ஆகவேண்டும். லாண்ட்மாஸ்டரையும் கொடுத்துவிட்டுக் கதிர்காமமும் போகாவிட்டால் நாயாறு என்ற பெயருக்கு அடைமொழியும் வரும். முல்லைத்தீவில் கராஜ் வைத்திருக்கிற றஸ்மியிடம் வண்டியைக் காட்டினான். றஸ்மி ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து எஞ்சினில் காதை வைத்துக் கேட்டான்.

"அண்ணன், எஞ்சின் தங்கம். ஓடிக்கொண்டே இருந்த சாமான் ஓடும். எங்கட கஷ்டம் ஒண்டுதான். இதைக் கழட்டினா திரும்பப் போட இங்க சாமான் இல்ல. கழட்டாம ஓடுங்க."

"கதிர்காமம் போகுமோ?"

"அது போகும் அண்ணன்," என்றான் றஸ்மி. "இது போகுமா?" என்று கிருபனைக் காட்டிக் கேட்காமல் விட்டதற்குக் காரணம், கூலி இன்னும் வாங்கவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிந்திக்கொண்டிருந்தது. வானம் வெளித்துக் கிடந்த ஒரு காலையில், திருவிழா முடிந்தாலும் முருகன் அங்கேதானே இருப்பார் என்று கிருபன் புறப்பட்டான். தலைக்கவசம், கறுப்புச் சட்டை, பெட்டிக்குள் மாற்று வேட்டியும் கற்பூரமும். இந்தமுறை வழியனுப்ப ஊர் வரவில்லை. நாய் ஒன்று மட்டும் சந்தி வரைக்கும் ஓடிவந்தது.

வண்டி பட்டுப்போல ஓடியது. முள்ளியவளை போனது, முல்லைத்தீவு போனது, இடதுபக்கம் கடல் எட்டி எட்டிப் பார்த்தது. நாயாற்றுப் பாலத்தை நெருங்கும்போது வாடிப் பக்கத்தில் இருந்து மணம் வந்தது. கிருபன் தலைக்கவசத்தின் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டு முறுக்கினான். பாலம் பின்னுக்குப் போனது. ஒரு மதகுக் கட்டைப் பார்த்து நிறுத்திக் காலை ஊன்றி, பாலம் முதுகுப்பக்கம் தெரியப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். அப்போதுதான் கண்டான், மேற்கே ஒட்டுசுட்டான் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. போன் அடித்தது.

"எங்கை நிக்கிறியள்?" என்றாள் மேனுகா. பின்னால் மழை இரைந்தது.

"பாலம் தாண்டிட்டன்."

"தாண்டினால் திரும்பியும் தாண்டுங்கோ. இஞ்சை நல்ல மழை. பழனியண்ணை எங்கடை வயலுக்கு வந்து அரைவாசி உழ மெசின் நிண்டுபோச்சு. அவர் கிளப்புற கம்பியைச் சுத்திச் சுத்திக் கைவிட்டிட்டார். அது உங்கடை கைக்குத்தானே எடுக்கிறது."

"போனிலை சொல்லுறன், அந்தத் தடியைப் பாதி அமத்திப்போட்டு..."

"சொல்லிப் பாத்தாச்சு. நாளையிலிருந்து அவர் வேறை ஆக்களின்ரை வயலுக்குப் போயிடுவார். பேந்து எங்களுக்கு முறை வர ஈரம் காஞ்சிடும். கதிர்காமம் எங்கையும் ஓடாது."

கிருபன் கிழக்கே கடலைப் பார்த்தான், தெற்கே வீதியைப் பார்த்தான். வண்டி கீழே நிதானமாக உறுமிக்கொண்டு நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை. இந்த ஆயுளில் முதல் தரம் பழி சொல்ல ஒரு கொப்பளம்கூட இல்லாமல் அவன் திரும்பவேண்டியிருந்தது.

"சரி, வாறன்."

"வரேக்கை பாரை மீன் கிடந்தால் வாங்கிக்கொண்டு வாங்கோ. அந்தப் பெட்டி சும்மாதானே இருக்கு."

வயல்கரைக்கு வரும்போது மழை தூறலாகிவிட்டது. தலைக்கவசத்தோடேயே சேற்றுக்குள் இறங்கினான். விற்ற மெசினின் கழுத்தைப் பழைய இடத்தில் பிடித்து, தடியைப் பாதி அமத்தி, ஒரே சுற்று. லாண்ட்மாஸ்டர் இருமி, புகை கக்கி, எடுத்துக்கொண்டது. எசமான் மாறியதை அதற்கு ஒருவரும் சொல்லவில்லை போலும்.

மேனுகா வீதியில் நின்ற மோட்டார் சைக்கிளின் பெட்டியைத் திறந்தாள். கற்பூரத்துக்குப் பக்கத்தில் மீன் கிடந்தது. வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பழனியாண்டி கைப்பிடியை வாங்கிக்கொண்டு, நனைந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்ணே," என்றார், "கதிர்காமத்துலயும் மழையா?"