தெரியும் என்று எழுதித் தாருங்கள்

போன வாரம் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் தம்பிராசா அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டார். கண்டதும் அப்படியே கிறுகித் திரும்பி, வந்த வழியே போய்விட்டார்.

கரடியனாற்றுப் பக்கம் நான் படிப்பித்த ஊரில் சில்லறைக் கடை வைத்திருப்பவர் அவர். இருபது வருடத்துக்கு மேலான பழக்கம். என்னைக் கண்டால் கடைக்குள் கூப்பிட்டு வாங்கில் பலகையில் இருத்தி, பிளேன்டீ தராமல் விடமாட்டார். இப்போது ஒளிக்கிறார். அவர் மட்டுமா? அந்த ஊரில் பாதிப்பேர் என் குடையைத் தூரத்தில் கண்டதுமே வீட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

அப்படி என்னதான் கேட்டுவிட்டேன்? ஒரு கையெழுத்து.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது... இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

சுனாமி வந்தபோது கரையோரத்தில் எத்தனையோ பேரின் பிறப்புப் பத்திரங்களைக் கடல் கொண்டுபோனது. நடமாடும் சேவை வைத்தார்கள். பதிவாளர் கந்தோரில் மூலப்பதிவு இருந்தது, பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு சண்டை. இடம்பெயர்ந்து ஓடியபோது தொலைத்தவர்களுக்கும் அப்படியே ஏதோ ஒரு வழி பிறந்தது. தொலைத்தவனுக்கு வழி உண்டு. ஆனால், ஒருநாளும் இல்லாதவனுக்கு?

இருக்கிறார்கள். கலவரங்களுக்குப் பயந்து மலையகத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து, எங்கள் வயல் வட்டைகளில் கூலி வேலை செய்து, காட்டோரத்தில் குடிசை போட்டவர்கள். வந்தவர்களிடம் பத்திரம் இல்லை. இடுப்பில் தூக்கி வந்த பிள்ளைகளுக்கு இல்லை. அந்தப் பிள்ளைகள் இங்கே பெற்ற பிள்ளைகளுக்கும் இல்லை. பாடசாலையில் இரக்கப்பட்டு இடாப்பில் பெயர் போட்டுக்கொள்வோம். பத்தாம் வகுப்பு வரைக்கும் பிள்ளை நன்றாகப் படிக்கும். பிறகு சாதாரண தரப் பரீட்சை வரும். அடையாள அட்டை எங்கே என்று கேட்பார்கள். அதோடு சரி. பரீட்சை இல்லையென்றால் தொழில் இல்லை. பிள்ளையும் தாயோடு வயல் வெட்டுக்குப் போகும்.

இதற்காகத்தான் நாங்கள் எட்டுப் பேர் ஒரு குழு அமைத்தோம். நான் செயலாளர், அதாவது எழுதுகிற வேலையெல்லாம் என் தலையில். பெட்டிசம் எழுதினோம். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினோம். கொழும்புக்குப் போனோம். 'அடுத்த கிழமை வாங்க' என்றார்கள், அடுத்த வாரமும் போனோம். எத்தனை வாங்கில், எத்தனை மின்விசிறி, எத்தனை 'பார்ப்போம்'...

சண்டை முடிந்து சில மாதத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத மாணவருக்கு, அவர் பிறந்ததை நேரில் அறிந்த, அதே கிராம சேவகர் பிரிவில் பதிவுள்ள இருவர் சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வசனம் நான் எழுதிக் கொடுத்தது. சொல் மாறாமல் அப்படியே வந்திருந்தது. ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

இரண்டு கையெழுத்துத்தானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தோம். எட்டுப் பேரும் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவர்கள், ஒரு பிள்ளையைத் தெரியும் என்று எழுதிக் கொடுக்க எங்கள் சனம் எவ்வளவு பயப்படும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை!

முதல் ஆள் கலைவாணி. பதினாறு வயது. கணக்கில் கெட்டிக்காரி. தாய் லெட்சுமி கைக்குழந்தையாகப் பதுளைப் பக்கமிருந்து வந்தவள். தகப்பன், இரண்டாம் தரம் இடம்பெயர்ந்திருந்தபோது காய்ச்சலில் செத்துப்போனார். படிவத்தைத் தூக்கிக்கொண்டு நேரே தம்பிராசா அண்ணன் கடைக்குப் போனேன்.

"இந்தப் பிள்ளையைத் தெரியும்தானே அண்ணன்?"

"தெரியுமாவா? இது பொறந்த அண்டைக்கு தகப்பனுக்கு சவுக்காரக் கட்டி குடுத்ததே நான்தானே டீச்சர்."

"அப்ப இதில ஒரு கையெழுத்து வெச்சுத் தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போடவில்லை.

"தெரியும் எண்டு சொல்றது வேற டீச்சர். எழுதிக் குடுக்கிறது வேற."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எங்கட தம்பி அந்தக் காலத்தில ஒரு பொடியனை, தெரிஞ்ச ஆள்தான் எண்டு எழுதிக் குடுத்தவன். பிறகு அந்தப் பொடியன் எங்க எண்டு கேட்டு ஆக்கள் வந்தது தம்பிட வீட்டுக்குத்தான். கூட்டிப் போன தம்பி பத்தொன்பது நாள் கழிச்சித்தான் திரும்பி வந்தான். இப்ப கோயில் நோட்டீசில பேர் போடவும் விடமாட்டான்."

எந்த ஆக்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் 'ஆக்கள் வந்தது' என்றால் யார் என்று கேட்கிற வழக்கமில்லை.

"இப்ப சண்டை முடிஞ்சிதானே அண்ணன்?"

"முடிஞ்சிதான். இன்னும் கொஞ்சம் தெளியட்டும்."

அடுத்ததாகக் கோயில் வண்ணக்கர் ஒருவரிடம் போனேன். கோயில் காரியங்களுக்குப் பொறுப்பானவர். எங்கள் ஊர்களில் திருவிழாவைக் குடி குடியாகப் பிரித்துச் செய்வார்கள், குடி என்றால் குலம், தாய்வழியாக வரும். "நல்ல சனம் டீச்சர், களவு பொய் இல்ல" என்று தொடங்கினார். "ஆனா கோயில்ல கூப்பிட ஒரு குடி இல்லாத ஆக்களுக்கு நான் எப்படி சாட்சி நிக்கிறது?" அரசாங்கம் பத்திரம் கேட்கிறது, இவர் குடி கேட்கிறார். கலைவாணி இரண்டுக்கும் எங்கே போவாள்?

மூன்றாவது வீட்டில் ஆள் இல்லை. சைக்கிள் மட்டும் நின்றது. உள்ளே ரேடியோ பாடியது.

இப்படி நாலு நாள் நடந்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். என்ன சனம் இது, இவ்வளவு பயமா, மனச்சாட்சியே இல்லையா... நன்றாகத்தான் பேசினேன். எனக்கு மேடைப் பழக்கம் உண்டு.

கடந்த செவ்வாய்க்கிழமை லெட்சுமியும் கலைவாணியும் டவுனில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வெயிலில் வந்த களை. பிள்ளை தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தாள்.

"டீச்சர், கிராம சேவகர் கந்தோர்ல வாக்காளர் இடாப்பு ஒட்டியிரிக்கி. அதில உங்கட பேரும் இரிக்கி."

இருக்கும். அந்த ஊரில் தாய்வழியாக எனக்கு வந்த வீடு உண்டு. பதிவை நான் மாற்றவில்லை.

லெட்சுமி பதறிப்போனாள். "சும்மா இரு புள்ள. அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இவ பொறந்த அன்னைக்கு நீங்க பக்கத்துல ஸ்கூல்ல இருந்தீங்கன்னு இவகிட்ட சொல்லியிருந்தேங்க. அதான்."

இருந்தேன். பாடசாலைக்குப் பின்வளவில்தான் அவர்கள் குடிசை. நான் நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் படிப்பித்துக்கொண்டிருந்தபோதுதான் குழந்தை அழுத சத்தம் கேட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இடைவேளையில் போய்ப் பார்த்தேன். மருத்துவிச்சி குழந்தையை என் கையில் தந்தாள்.

பிறந்ததை நேரில் அறிந்தவர். அதே பிரிவில் பதிவுள்ளவர். வசனத்தை எழுதியதும் நான், வசனத்துக்குள் இருந்ததும் நான். நாலு நாளாக வேறு ஆள் தேடி வெயிலில் அலைந்ததும் நானேதான்!

மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். நீங்களும் நம்புவீர்கள். ஆனால் மறக்கவில்லை. ஞாபகத்தை எட்ட வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கணவர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "வைக்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல. மகன்ட பொலிஸ் ரிப்போட் ஒண்டு வரட்டும். ரெண்டே ரெண்டு கிழமை." மகன் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். தாயின் பெயர் எந்தக் கடதாசியிலும் தட்டுப்படக் கூடாது என்பது அவர் கணக்கு. தம்பிராசா அண்ணன் சொன்ன அதே 'இன்னும் கொஞ்சம் தெளியட்டும்'தான்.

எங்கள் பெட்டிசத்தில் முதலாவது பெயர் என்னுடையது. அதை வைத்தபோது எனக்கு ஒரு பயமும் வரவில்லை. பின்னால் நூற்றுக்கணக்கான பெயர்கள் நிற்கும் என்று தெரியும். சத்தியக் கடதாசியில் கோடு ஒன்றுதான். அதில் நாம் மட்டும்தான் நிற்க வேண்டும். கொழும்போடு சண்டை பிடிப்பது லேசு... அடுத்த வீட்டுப் பிள்ளையைத் 'தெரியும்' என்று எழுதுவதில்தான் எங்களுக்குக் கை ஓடுவதில்லை.

வெளியே வந்தேன். லெட்சுமி எழுந்து நின்றிருந்தாள், போகிற ஆயத்தத்தில். அறைக்குள் பேசியது கேட்டிருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் அப்படி. "பரவாயில்லீங்கம்மா, இவளுக்கு வெட்டு வேல தெரியும்" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் வீடு இரண்டு தெரு தள்ளி. மூன்று பேரும் நடந்து போனோம். கையெழுத்து வைத்தேன். முப்பத்திரண்டு வருடம் இடாப்பில் வைத்த கையெழுத்து, அன்றைக்குக் கோணலாக விழுந்தது. மாலையில் கணவர், "சரி, வெச்சது வெச்சிதானே" என்றார்.

இரண்டாவது கோடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பாடசாலை விண்ணப்பங்களை அனுப்பக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பத்தி உங்கள் கைக்கு வரும். தம்பிராசா அண்ணன் கடைக்கும் ஒரு பேப்பர் போகிறது. சாமான் சுற்றுவதற்கு முன் ஒருதரம் வாசிப்பார் என்று தெரியும்.

வைத்த பிறகு பயம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குப் போகவில்லை. ஆனால் நடுங்கிய கையெழுத்தும் செல்லுமாம் அண்ணன், நீதவானிடம் கேட்டுவிட்டேன்.