தெருவுக்கெல்லாம் ஒரே நம்பர்

செட்டிகுளம் மலை மேல் நிற்கிற முருகனுக்கு யாராவது செய்தி அனுப்பினாலும், அது முதலில் அனுசுயாவின் போனுக்குத்தான் வரும். அவள் படித்துப் பார்த்து, மனசுக்குப் பட்டால் மலைக்கு ஏற்றிவிடுவாள். படாவிட்டால் முருகன் காத்திருக்க வேண்டியதுதான். சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன். முருகனை விட்டுவிடலாம். பள்ளிக்கூடத் தெருவின் நாற்பத்தொரு வீட்டுக்கும் வரவேண்டிய செய்தியெல்லாம் அவள் போனுக்குத்தான் வந்தது என்பதில் மட்டும் ஊதல் கிடையாது.

மற்ற வீடுகளில் போன் இல்லாமல் இல்லை. அது ஆம்பிளைகளின் சட்டைப் பையில் இருந்தது. சட்டை லாரியோடும், திருப்பூர் பஸ்ஸோடும், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற வேலையோடும் ஊரைவிட்டுப் போய்விடும். ஒரு மாதம் நெட் இலவசம் என்று எவனாவது குடை விரித்து உட்கார்ந்தால் போதும், பழைய சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டுக்கொள்வார்கள். தனக்கென்று ஒரு போன் கேட்ட பூமாலைக்குக் கிடைத்த பதில், "பொம்பளைக்கு எதுக்குடி போனு, எவங்கிட்ட பேசப் போற?" என்பதுதான்.

அனுசுயாவின் புருஷன் மணிவேல் குவைத்தில் வண்டி ஓட்டினான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் அனுப்பிய போன், அன்று வாங்கிய நம்பர், இன்றுவரை மாறவில்லை. மாறாத நம்பர் என்று தெருவில் இருந்தது அது ஒன்றுதான். கேஸ் இணைப்புக்கு எழுதும்போது அம்மாக்கண்ணு அந்த நம்பரைக் கொடுத்தாள். அவளைப் பார்த்து ஜெயசித்ரா ரேஷன் அட்டைக்குக் கொடுத்தாள். பிறகு பேங்க், மாட்டுக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பத்து எண்ணையும் தெருவே மனப்பாடமாக ஒப்பித்தது. சொந்தப் பிள்ளை பிறந்த தேதியை மறந்தவள்கூட அனுசுயாவின் நம்பரை மறக்கவில்லை.

முதல் வருஷம் யாருக்காவது ஓடிபி வந்தால் அனுசுயா செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்ச் சொன்னாள். தெருவில் அதற்கும் நம்பர் என்றுதான் பேர். "அக்கா, ஒங்களுக்கு நம்பரு வந்திருக்கு!" அப்போது மணிவேல் தினமும் முகம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு அது வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாயிற்று. பிறகு, "நெட்டு சரியில்ல, அப்புறம் பேசறேன்." மணிவேலின் அழைப்பு குறையக் குறைய, தெருவுக்கு வரும் நம்பர் கூடிக்கொண்டே போனது. அனுசுயாவும் ஓடுவதை நிறுத்தினாள். தன்னைத் தேடி ஆள் வருவதில் ஒரு ருசி இருப்பதைக் கண்டுகொண்டாள்.

அவள் வீட்டில் டவர் கிடைப்பது மொட்டை மாடியின் ஒரே ஒரு மூலையில். அங்கே ஒரு கழி நட்டு, அதில் ஒயர் கூடை மாட்டி, போனை அதற்குள் வைத்திருப்பாள். நம்பர் கேட்டு வருகிறவர்கள் கீழே களத்தில் காத்திருக்க வேண்டும். களத்தின் ஓரத்தில் மூங்கில் தட்டியும் கீற்றும் வைத்துக் கட்டிய பட்டறை நிறையச் சின்ன வெங்காயம் கிடக்கும்.

"கை சும்மாதானேக்கா இருக்கு, ரெண்டு வெங்காயத்த ஆய்ஞ்சுகிட்டு இருங்களேன்" என்பாள். காய்ந்த தாளைக் கிள்ளி, மண்ணைத் தட்டி, கூடையில் போட வேண்டும். இரண்டு வெங்காயம் என்பது ஒரு கூடையாகும்.

ஒரு கல்யாணத்தில் அனுசுயா வைத்த புளிக்குழம்பில் உப்பு தூக்கல் என்று பூமாலை சொல்லிவிட்டாள். அவளுடைய கேஸ் நம்பர் மூன்று நாள் மாடியிலேயே இருந்தது. நம்பர் இல்லாததால் சிலிண்டர்காரன் இறக்காமல் திரும்பிப் போனான். பூமாலை வேலிக்காத்தான் சுள்ளி வைத்து ஊதி ஊதிக் கண் வீங்கினாள். நான்காம் நாள் அனுசுயா நம்பரைச் சொன்னாள். சிலிண்டர்காரனும் மறுபடி வந்து இறக்கிவிட்டுப் போனான். அதில்தான் அனுசுயா ஒரு பாடம் கற்றாள். "வெங்காயமாச்சும் அழுவிப் போவும். நம்பரு அழுவிப் போவாது" என்று தெருவுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

அம்மாக்கண்ணுவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் கவியா. பன்னிரண்டாம் வகுப்பில் அந்தத் தெரு அதுவரை காணாத மார்க் வாங்கினாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது அம்மாக்கண்ணு பழக்கத்தில் அதே பத்து எண்ணைச் சொன்னாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் இடமும் வந்தது. குறிப்பிட்ட நாள் மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் "சம்மதம்" என்று அழுத்தி, போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டுவிட்டால் இடம் அவளுடையது. போடாவிட்டால் அடுத்த பெண்ணுடையது.

இந்தச் சந்தோஷத்தில் கவியாவுக்கு வாய் நிற்கவில்லை. குழாயடியில் நின்று சொன்னாள்: "காலேஜிக்கு போனா மொத வேலையா ஒரு போன வாங்கி, தெருவுல அத்தன பேரு நம்பரயும் மாத்திக் குடுக்கறேன். அப்புறம் அனுசுயா சித்தி வூட்டு வெங்காயத்த யாரு ஆயுறதுன்னு பாப்போம்!"

குடம் நிரம்புவதற்குள் அது அனுசுயாவின் காதுக்கு வந்தது. அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணிவேல் கூப்பிடவில்லை.

குறித்த நாளில் கவியா பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே சகாய ஆனந்த் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். அங்கே கூட்டம். முறை வர நாலு மணி தாண்டிவிட்டது. அம்மாக்கண்ணு மத்தியானமே வந்து களத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா அனுசுயா, வந்த ஒடனே சொல்லிடணுமாம். பத்து நிமிசந்தான் இருக்குமாம்."

"பஸ்ஸாக்கா அது, கெளம்பிப் போறதுக்கு? வரட்டும் வரட்டும். அந்த ரெண்டு கூடைய முடிங்க."

நாலு இருபதுக்கு மாடியில் போன் சிணுங்கியது. அனுசுயா ஏறிப் போய்ப் பார்த்தாள். ஆறு எண். கூடையிலேயே போனை வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். அம்மாக்கண்ணுவின் நரைத்த உச்சி தெரிந்தது. இந்தத் தலை நாளையிலிருந்து மகளிடம் நம்பர் கேட்கும். பூமாலையும் ஜெயசித்ராவும் அங்கேதான் போய் நிற்பார்கள். இந்தக் களத்தில் யார் இருப்பார்கள்?

"வந்துடிச்சாம்மா?"

"வரும்க்கா. கைய நிறுத்தாதீங்க."

போன் அடித்தது. சகாய ஆனந்தின் நம்பர். பேசப்போவது கவியாதான் என்று தெரியும். அடித்து ஓயவிட்டாள். மறுபடி அடித்தது. ஒன்பது வருஷத்தில் அந்தப் போன் இப்படி அவளைக் கெஞ்சியதில்லை. ஐந்து முறை கெஞ்சியது. நாலு முப்பத்தெட்டுக்கு இன்னொரு ஆறு எண் வந்தது. ஒன்றுக்கு இரண்டாயிற்று, இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு நாற்பதுக்கு அம்மாக்கண்ணு எழுந்து முந்தானையால் கையைத் துடைத்தாள். "ரெண்டும் ஆச்சும்மா."

அனுசுயா வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள். ஆனால் கவியாவின் குழாயடிப் பேச்சு எங்கிருந்தோ வந்து முன்னால் நின்றது.

"பட்டறையோரமா இன்னொரு கூட இருக்கு பாருங்க, அதயும் இழுத்துப் போடுங்க."

அம்மாக்கண்ணு மாடியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இழுத்துப் போட்டாள்.

நாலு ஐம்பத்தொன்றுக்கு மறுபடி அடித்தபோது அனுசுயா போனை எடுத்தாள். "என்னடி, இத்தன தடவ கூப்புடற? மாட்டுக்குத் தண்ணி காட்டிகிட்டு இருந்தேன். எழுதிக்க." முதல் ஆறு எண்ணை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தப்புன்னு வருது சித்தி."

"தப்பா? எனக்குப் படிக்கத் தெரியாதா? இந்தா, இன்னொண்ணு." இரண்டாவதையும் சொன்னாள்.

எண்களைத் தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு சகாய ஆனந்தின் குரல் கேட்டது. "ரெண்டும் காலாவதிங்கக்கா. பக்கம் பூட்டிகிச்சு. அர மணி நேரம் கழிச்சுத்தான் தொறக்கும்."

"தொறக்கட்டுமே."

"அஞ்சு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடுங்க."

அனுசுயா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்கள் அப்படியே இருந்தன, ஒன்றுகூட அழியவில்லை. "இங்கதானேப்பா இருக்கு, பளிச்சுன்னு இருக்கு" என்றாள். அந்தப் பக்கம் கவியா அழுகிற சத்தம் கேட்டது. கீழே அம்மாக்கண்ணு மூன்றாவது கூடையின் அடிவெங்காயத்தை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அனுசுயா அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்பது உண்மை. காலையில் இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள் என்பதும் உண்மை.

கவியா பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். மாதத் தவணைக்கு ஒரு போனும் வாங்கினாள். ஆனால் கடைக்குள் நுழையும்போது அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். பத்து மணி நேரம் கழித்துத்தான் கைக்கு வரும். அதனால் கேஸுக்கும் ரேஷனுக்கும் அம்மாக்கண்ணு பழைய நம்பரையே வைத்துக்கொண்டாள். நம்பர் கேட்டுக் களத்துக்கு வந்தாள். உட்கார்ந்தாள். ஆய்ந்தாள்.

அடுத்த வெங்காயப் பருவத்தில் ஊருக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்தார். அனிதா மேரி, ஏலாக்குறிச்சிக்காரர். பெயரும் போன் நம்பரும் எழுத வீடு வீடாகப் போனவர், கடைசியில் அனுசுயாவின் களத்தில் வந்து நின்று சிரித்தார். "என்னங்க இது, தெரு முழுக்க ஒரே நம்பரா குடுக்கறீங்க?"

"என்ன நம்பித்தான் சிஸ்டர் தெருவே ஓடுது" என்றாள் அனுசுயா. பூமாலையும் ஜெயசித்ராவும் தலையாட்டினார்கள். கேஸ் தீரும் சமயம்.

"ஒங்கள மாதிரி நர்ஸுக்குப் படிக்கவேண்டிய பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, இந்தா, இந்தக்கா மவதான். அதுக்குக் குடுப்பினை இல்ல. அன்னிக்குன்னு பாத்து டவரே இல்ல சிஸ்டர். நான் மாடிக்கும் களத்துக்கும் ஓடுன ஓட்டம் எனக்குத்தான் தெரியும். ரெண்டு கூட வெங்காயம் ஆயுற நேரந்தான், அதுக்குள்ள மூடிப்புட்டானுவோ."

அம்மாக்கண்ணு ஒரு வெங்காயத்தின் தாளைக் கிள்ளி, மண்ணைத் தட்டி, கூடையில் போட்டாள். தலையைத் தூக்கவில்லை.

"மூணு கூட" என்றாள்.