நான்கு விரல் அகலம்

பனச்சமூட்டுச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ். "டீச்சரே, நம்ம கிளாடிஸ் போயாச்சு. காலத்த பத்து மணிக்காக்கும்," என்றார். "சரி, வாறேன்" என்று மட்டும் சொன்னேன். மரச்சீனியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து நின்ற பஸ்ஸில் ஏறினேன். காரோட்டுக்குப் போக வேண்டியவள் வெள்ளறடையில் போய் இறங்கினேன். முப்பது வருடம் ஒரு கண்டக்டரோடு குடும்பம் நடத்தியவளுக்கு இந்தக் கதி. அங்கே பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் அழுதேன்.

கிளாடிஸ் டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் இருபது வருடம் இருந்தோம். அவர் ஓவியம், நான் தமிழ். அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும், பூசணிக்காய் வரைய வேண்டுமானால் முதலில் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். "கனம் தெரியாம வரஞ்சா அது பலூனாக்கும்" என்பார். வரைந்து முடித்த பூசணிக்காயை வீட்டுக்கு எடுத்துப்போய் எரிசேரிக் கறி வைத்துவிடுவார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பதினொரு மாதம் ஆகியிருந்த சமயம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே பஸ்ஸில் நின்றுகொண்டே வாழ்ந்த மனிதர் சக்கர நாற்காலியில் சுவரைப் பார்த்து இருந்தார். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. முன்பக்கம் செங்குத்தான படிகள். பின்னறையில் ஒரு கதவு உண்டு. என்றாவது இன்னொரு அறை சேர்த்துக் கட்டலாம் என்று வைத்தது. திறந்தால் எட்டடிப் பள்ளம். பார்க்க வந்த கிளாடிஸ் டீச்சர் ஆரஞ்சுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் போய் அந்தக் கதவைத் திறந்தார். "இங்கேருந்து ரோடு தெரியுதே. தூண் நட்டு ஒரு மரத்தட்டு அடிச்சா அண்ணன் வெளிய வரலாமே."

"இனி எனக்கு வெளிய என்ன சோலி?" என்றார் இவர். அது சம்மதமில்லை. ஆனால் அந்த மாதத்தில் அவர் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

டீச்சர் வரைபடம் போட்டார். போட்டதோடு விடவில்லை. ஒரு மதியம் பள்ளி மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு இழுப்பதுபோலச் சுண்ணாம்புப் பொடியால் தட்டின் முழு அளவையும் கோடு இழுத்தார். எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியை வாங்கி வந்து, தானே ஏறி இருந்துகொண்டு என்னைத் தள்ளச் சொன்னார். பிள்ளைகள் சோற்றுப் பாத்திரத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். "தாளில வரஞ்ச கசேரயில யாரும் இருந்ததில்ல டீச்சரே. தள்ளுங்க." நாற்காலி முழுதாகத் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று கண்டு, அகலத்தை அரையடி கூட்டினார்.

எங்கள் விளையில் நின்ற அயினி மரத்தை அறுத்துப் பலகையாக்கினோம். வேலைக்கு மாதவன் ஆசாரி வந்தார். தூண் நின்றது, உத்தரம் ஏறியது, கைப்பிடி வந்தது. பலகைகளை ஆணி அடிக்காமல் பரப்பி வைத்த அன்று டீச்சர் வந்து, வெறும் நாற்காலியைத் தட்டில் உருட்டித் திருப்பினார். கால் வைக்கும் தகடு கைப்பிடியில் முட்டி நின்றது. உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "நான் அப்பவே சொன்னேன். கதவ அடைங்க," என்றார்.

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். அகலத்தில் நான்கு விரலைக் குறைத்தது அவர்தான். எங்கள் பக்கத்தில் வீட்டோடு சேர எது கட்டினாலும் சுற்றளவைக் கோலும் விரலுமாகக் கணக்குப் பார்ப்பார்கள். சில அளவுகள் வாழ்வுக்கு ஆகும், சில ஆகாது. ஆகாததற்கு மரணச்சுற்று என்று பெயர். "டீச்சர் தந்த அளவு அதில வந்து விழுந்தது. சுகமில்லாத மனுஷன் இருக்கப்பட்ட எடமில்லியா? எனக்குக் கை வரல்ல," என்றார்.

அப்படியே இருக்கட்டும், முன்னால் தள்ளிக்கொண்டு போய்ப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம் என்றேன்.

"பின்னால இழுக்கதுக்கு அண்ணன் என்ன கட்டவண்டியா?" என்றார் டீச்சர். பிறகு ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் ஏதோ எழுதி ஆசாரியிடம் நீட்டினார். "நீளத்துல நாலு விரல எடும். அகலத்துல போடும். சுற்று இப்ப உள்ளதுதானே நிக்கும்?"

ஆசாரி இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார். "நிக்கும்" என்றார். தூண்களை அசைக்காமல், நீளத்தில் குறைத்து, பலகைகளை அகலவாக்கில் நான்கு விரல் வெளியே நீட்டி, கைப்பிடியைத் தள்ளி வைத்தார்.

டீச்சர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். ஜாதகம், ராகுகாலம் என்று நான் பேசினால் சிரிப்பார். டீ போடும்போது மெல்லக் கேட்டேன், இதில் நம்பிக்கை உண்டா என்று. "எனக்கு இல்ல. ஒங்களுக்கு உண்டே. பயந்துகிட்டு நிக்கப்பட்ட எடத்துல யாராவது காத்து வாங்க முடியுமா?" நான் அவரை மிகவும் நேசித்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது சொன்னதில்லை.

என் கணவர் வெளியே வந்தார். மூன்றாம் நாள், வளைவில் திரும்பிய பஸ்ஸைப் பார்த்து, "ஏழு நிமிஷம் லேட்டு" என்றார். இன்றுவரை அந்த ரோட்டில் ஓடும் எந்த பஸ்ஸும் இவர் கண்ணிலிருந்து தப்பியதில்லை.

பிறகு கிளாடிஸ் டீச்சருக்கே நோய் வந்தது. கடைசி எட்டு மாதம் அவர் எங்கும் வரவில்லை. மருந்தின் களைப்பு என்று நினைத்தேன். போனில் பேசினால், மழையில் பலகை வீங்கியதா, அண்ணன் காலையில் வெயில் காய்கிறாரா என்று கேட்பார். இரண்டு முறை வீட்டுக்கும் போனேன். படி ஏறிப் போனேன், ஹார்லிக்ஸைக் கொடுத்தேன், படி இறங்கி வந்தேன்.

அடக்கத்தன்று அவருடைய அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு மாசமா அவ முற்றம் பாக்கல்ல டீச்சரே. ஆசுபத்திரிக்குப் போகணும்னா ரெண்டு பேரு தூக்கணும்." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லப்பிடாதுன்னு சட்டம் கெட்டியிருந்தா. ஒங்களுக்கு அங்க ஒருத்தரப் பாக்கவே நேரம் போராதாம்."

நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் எண்ணினேன். ஒன்பது படிகள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நான் அவரிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. நோயாளி இருக்கிற வீட்டுக்குப் போனால் இப்போது வேறு எதையும் பேசும் முன் அதைத்தான் கேட்கிறேன். போன வாரம் காஞ்சிரங்குளத்தில் கட்டிலில் கிடந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்: "வெளிய வந்து எத்தன நாளாச்சு?" அவருக்குக் கணக்கு நினைவில்லை. மகளும் நானும் இரு பக்கமும் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். கொஞ்ச நேரம் வெயிலில் இருந்தார்.