சுவருக்கு வெளியே இருந்த ஈரம்

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுப் பேறுகால அறையின் சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். பேரப்பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பயிற்சி எடுத்து, வீட்டுச் சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் படித்த மருமகன் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“வெளியே சாத்தியிருக்க வைக்கோல் படப்புதான் காரணம். மழையில நனைஞ்சு அந்த ஈரம் சுவருல இறங்குது. மாமாட்ட நீங்களே சொல்லுங்க அத்தை.”

மாமனாரிடம் நேரே பேச அவருக்குக் கூச்சம். என் வீட்டுக்காரரிடம் சொன்னால்,

“மாப்பிள்ளைக்க படிப்ப அவரு வீட்டுல காட்டச் சொல்லு. எங்க அப்பன் காலத்துலயும் படப்பு அங்கதான்” என்று சொல்லிவிட்டு, பூசணத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்தார். பூசணம் திரும்பவும் வந்தது. இருவருக்கும் நடுவே தூது போயே சலித்தேன்.

ஒருநாள் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. மருமகன் ஆசுபத்திரிக்குத் தூக்கி ஓடினார். நான் படப்பைப் பிரித்து இழுத்தேன்.

“ஏட்டி, மழையில மாடு என்னத்தத் தின்னும்?” என்று வீட்டுக்காரர் கத்தினார்.

“பிள்ளைய விட மாடு பெருசா?”

பிள்ளை பிழைத்தது, சுவரும் காய்ந்தது. இப்போது படப்பு களத்து மூலையில். சுவரில் கறுப்பு கண்டால் யாரிடமும் தூது போகாமல், வெளியே சுற்றிப் பார்த்து, ஈரம் தருவதை நானே அப்புறப்படுத்துகிறேன்.