பாய்லர்காரர் மனைவி டைப் செய்த பக்கம்

மில் மூடி இருபத்திரண்டு வருஷம். பாதி வீடுகளில் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மிச்சமிருக்கிறவர்களும் போய்ச் சேருவதற்குள் ஊர்க்கதையைக் கேட்டுப் புத்தகமாக்கிவிட வேண்டுமென்று நூலகத்துப் பெண் ரெக்கார்டரோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அதைக் கேட்டு டைப் செய்யும் வேலை பாய்லர்காரர் மனைவிக்கு வந்தது. ஊரில் டைப் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

யாரிடம் ரெக்கார்டரை நீட்டினாலும் ஒரே பல்லவி: பாய்லர்காரன் தூங்கிட்டான், பாய்லர் வெடிச்சுது, மில் போச்சு, ஊரும் போச்சு. தன் புருஷனைப் பற்றி இதைத் தன் கையாலேயே பதினேழு முறை டைப் செய்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? செத்த மனுஷன் எழுந்து வந்தா பதில் சொல்லப் போகிறார்? உயிரோடு இருந்தபோதே வாய் திறக்காதவர். இந்தப் பேச்சு தாங்காமல்தான் மகனும் ஊரைவிட்டுப் போனான்.

பதினெட்டாவது ஆள், மில்லில் இயந்திரங்களைப் பழுதுபார்த்த ஃபிட்டர். அவள் வீட்டுக் குழாய் ஒழுகினால் கூப்பிடாமலே வந்து நிற்பவர். தங்கமான மனுஷன் என்று அவளே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஹெட்போனில் அவர் குரல் தணிந்தது. "பாய்லர் வால்வு சரியில்லன்னு அவரு மூணு தடவை வந்து சொன்னாரு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். அன்னிக்கு அவரு தூங்கவே இல்ல." கொஞ்ச நேரம் இருமல். "இத எழுதிடாதீங்கம்மா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு, அவர் மாட்டிய குழாயையெல்லாம் பிடுங்கித் தெருவில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது. ஒரு சொல் விடாமல் டைப் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நூலகத்துப் பெண் படித்துவிட்டு நிமிரவேயில்லை. "சொன்னவர் வேணாம்னா எடுத்துடணும்க்கா. படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கினாத்தான் அச்சுக்குப் போகும்."

"நானே போய்ப் படிச்சுக் காட்டுறேன்."

கதவைத் திறந்த ஃபிட்டர் அவளையும் கையிலிருந்த தாள்களையும் பார்த்தார். உட்காரச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. அவள் நின்றபடியே படித்தாள். அந்த இடம் வந்தபோதும் குரலைத் தாழ்த்தவில்லை. கடைசி வரிவரை படித்துவிட்டுப் பென்சிலை நீட்டினாள்.

"வேணாம்னா நீங்களே அடிச்சிடுங்கண்ணே. என் கையால என்னால முடியாது."

அவர் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு ஒரே ஒரு கோடு போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடித்திருந்தது கடைசி வரியை மட்டும்: இத எழுதிடாதீங்கம்மா.

அவள் வாசல்வரை போய்விட்டாள். "மூணு தடவை இல்லம்மா," என்றார் பின்னாலிருந்து. "நாலு. நாலாவது தடவை என் கையப் பிடிச்சுக் கெஞ்சினாரு. அதையும் சேத்துக்கங்க."

அவள் திரும்பி வந்து, அவர் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்து, மூணை அடித்து நாலு என்று எழுதினாள்.