அம்மா உடைத்த அடுப்பு

பகாவ் ஊர்க் கோயில் பொங்கலில் புது மண்ணடுப்பு சூடேறும் வாசனை இன்று மூக்கில் ஏறியதும், ஜப்பான்காரன் ஆண்ட காலத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், அம்மா விடிந்தும் விடியாததுமாக மண்ணும் சாணியும் குழைத்து மெழுகிய அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை அப்பா கத்தை கத்தையாகச் சம்பளமாக வாங்கி வருவார், கடையில் அதற்கு அரிசி கிடைக்காது, அடுப்பில் மரவள்ளிக்கிழங்குதான் வேகும். அம்மாவோ அந்த அடுப்பைப் பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவித் தடவி மெழுகுவாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

ஜப்பான்காரன் தோற்றுப்போனான் என்று சேதி வந்த காலையில் அம்மா உலக்கையை எடுத்து அடுப்பை ஓங்கி இடித்தாள்.

“அடியே, பைத்தியமா புடிச்சிருக்கு?” என்று அலறினார் அப்பா.

உடைந்த மண்ணிலிருந்து வெள்ளைக்காரன் காலத்து வெள்ளிக் காசுகள் கரிபிடித்துக் கலகலவென்று கொட்டின.

“வச்சிருந்தா ஜப்பான்காரன் தலைய வெட்டிருவான், ஆத்துல போடுன்னு சொன்னீங்களே, அந்தக் காசுதான். இனி இதான் செல்லும். போய் அரிசி வாங்கிட்டு வாங்க.”

அன்று மூன்று கல்லைக் கூட்டி அம்மா உலை வைத்தாள். ஒரு பிடி அரிசி வாங்கித் தராத அந்த வாழைமர நோட்டுகள்தான் விறகு. சோற்று வாசனைக்கு லயமே வாசலில் வந்து நின்றது. ஊதுகுழலை ஊதியவர் அப்பா.